உயிரும் மெய்யும் பாட்டும்

எம்மொழி பாடுதற்கு இனியது என்னும் வினா, இசையன்பர் கூடும் இடந்தோறும் எழுவதொன்றாம். தெலுங்கே பாட்டுக்குரிய மொழி என்பர் ஒருசாரார். வடமொழியின் மிடுக்கு வேறு எதற்கும் வாராது என்பர் பிறிதொருசாரார். பண் நன்றாயின் மொழி யாதாயினும் அமையும் என்று வழக்கை முடித்துவிடுவாரும் உளர். நம் நாட்டில் இவ்வழக்கு வாய்ப்பேச்சளவில் நின்றுவிடவில்லை. 1941 ஆம் ஆண்டில் அரசர் அண்ணாமலைச் செட்டியார் முயற்சியால் சிதம்பரத்தில் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943 இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிற்று. டி. கே. சிதம்பரநாத முதலியாரும் இராஜாஜியும் கல்கியும் அவ்வியக்கத்திற்குத் துணைநின்றனர். தமிழ்நாட்டு அரங்குகளில் தமிழ்ப் பாட்டு முதலிடம் பெறவேண்டும் என்பதே அவர்கள் வேண்டியது. அதனை மறுத்தோர் கூறிய குறைகள் இரண்டு: தமிழில் உயர்ந்த உருப்படிகள் போதா என்பது ஒன்று, தமிழின் ஒலி இசைக்கு இசையாது என்பது மற்றொன்று.

முதற்குறைக்கு விடை எளிது. பண் வகுத்துப் பாடப்பெற்ற தேவாரம் ஏழாம் நூற்றாண்டு தொட்டு நம்மிடம் உளது. சீகாழி மூவர் எனப்படும் முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகியோருடைய கீர்த்தனைகளும், கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரமும் உள்ளன. இரண்டாவது குறையே ஆராயத் தக்கது. அஃது ஒலியைப் பற்றியது. ஒலியைப் பற்றியதனை விருப்பு வெறுப்பால் தீர்த்தல் இயலாது, செவியாலேயே தீர்த்தல் வேண்டும்.

அங்ஙனம் செவியால் ஆராயும் வாய்ப்பு எனக்குச் சேர்வராயன் மலையிற் கிடைத்தது. என் மகள் வயிற்றுப் பேர்த்தி ஏற்காட்டில் ஒரு விடுதிப் பள்ளியிற் பயில்பவள். காப்பிப்பழம் பறிக்கும் மார்கழித் திங்களில் அவளுக்கு விடுமுறை. அவளை உடன்வைத்துக்கொண்டு யான் அங்கு ஒரு சிறு வீட்டிற் சில வாரம் தங்கினேன். சேலத்திலிருந்து கொண்டையூசி வளைவுகள் 20 கடந்து மேலேறினால், சமவெளியின் இரைச்சல் அடியோடு நின்றுவிடுகின்றது. மாலை நேரத்திற் பனிமூட்டம் இறங்கி எதிர்ச்சரிவை மறைத்துவிடும். கண்ணுக்கு வேலை குறையுந்தோறும் செவி கூர்மை பெறுதல் இயல்பன்றோ?

அப்பனியினூடே ஒருநாள் மூன்று பாட்டுக்கள் வெவ்வேறு திசையிலிருந்து வந்தன. பள்ளத்திற்கு அப்பால் பழம் பறிக்கும் பெண்டிர் பாடியது ஒன்று. கிறிஸ்து பிறப்பு விழாவிற்காகக் கோயிலிற் பாடகர் குழுவினர் பயின்றது மற்றொன்று. தேநீர்க் கடையின் வானொலியில் ஒலித்த கீர்த்தனை மூன்றாவது. சேய்மையிலிருந்து கேட்டபொழுது எது எம்மொழி என்று துணிதல் எனக்கு அரிதாயிருந்தது. ஆகாரமும் ஓகாரமும் ஏகாரமும் மட்டுமே நெடிது மிதந்து வந்தன. சிறிது நடந்து அணுகியபின்னரே, பறிப்போர் பாட்டுத் தமிழ் என்பதும், கோயிற் பாட்டு ஆங்கிலம் என்பதும், கடைப் பாட்டுத் தியாகராசர் இயற்றிய தெலுங்குக் கீர்த்தனை என்பதும் விளங்கின. இடைப்பட்ட வெளி மெய்யெழுத்துக்களை விழுங்கிவிட்டு, உயிரெழுத்துக்களை மட்டும் என்னிடம் சேர்ப்பித்திருந்தது.

இதன் காரணம் வெளிப்படை. உயிரெழுத்துப் பிறக்கும்பொழுது வாய் திறந்திருக்கும். மூச்சும் குரலும் தடையின்றிச் செல்லும். ஆதலின் அது நெடுந்தொலைவு பரவும். எத்துணை நேரமும் நீளும். ஏழு சுரங்களிலும் ஏறியிறங்கும். மெய்யெழுத்தோ நாவும் இதழும் பல்லும் அண்ணமும் தடுத்தலாற் பிறப்பது. வல்லின மெய் பிறக்கும் நொடியிற் குரல் முற்றிலும் அடைபடுகின்றது. எனவே இசை ஊர்ந்து செல்வது உயிரின்மேல். மொழி தன் அடையாளத்தைப் பதிப்பது மெய்யின்மேல். உயிர் மட்டும் நீண்டால் அஃது ஆலாபனை. மெய்யும் உடன்சேர்ந்தால்தான் அது பாட்டு. நம் இலக்கணநூலார் இவற்றிற்கு உயிர் என்றும் மெய் என்றும் பெயரிட்டது எவ்வளவு நுட்பமுடைத்து!

இக்கருவியைக் கையிற் கொண்டு பிறமொழிகளை நோக்குவோம். இத்தாலியச் சொற்களிற் பெரும்பாலன உயிரீற்றன. ஆகலின் ஒரு சொல்லிலிருந்து மறுசொல்லிற்குக் குரல் வழுக்கிச் செல்லும். தெலுங்குச் சொற்களும் பெரும்பாலும் உயிரில் முடிவன. அதனாலன்றோ மேனாட்டார் தெலுங்கினைக் கிழக்கு நாட்டு இத்தாலியம் என்று புகழ்ந்தனர்! வடமொழியில் மூச்சுமிக்க எழுத்துக்களும், மெய்யோடு மெய் செறிந்த கூட்டெழுத்துக்களும் மிகுதி. அவற்றிற்கு நிறுத்தி நடக்கும் காலப்பிரமாணம் பொருந்தும். முத்துசாமி தீட்சிதர் தம் வடமொழிக் கீர்த்தனைகள் பலவற்றை விளம்ப நடையில் அமைத்ததன் அழகு இதனால் விளங்கும். ஆங்கிலத்திலோ வல்லின ஒற்றில் முடியும் சொற்கள் பல. அம்மொழியைப் பாடுவோர் உயிரை இயன்றமட்டும் நீட்டி, ஈற்று மெய்யைச் சுரத்தின் கடைசி நொடியிற் சட்டென்று வைப்பர். பிரெஞ்சு மொழியின் பேச்சில் ஒலியாது மறையும் ஈற்று உயிரைப் பாட்டில் ஒலிப்பர். வடநாட்டு விரஜ மொழியிலும் பேச்சிற் கெடும் ஈற்றகரம் பாட்டில் உயிர்பெற்று எழும். இங்ஙனம் ஒவ்வொரு மொழியும் பாட்டிற்குள் நுழையும்பொழுது தனக்கென ஒரு வாயில் அமைத்துக்கொள்கின்றது.

ஒரு மொழி இசைக்கு உதவாது என்று தீர்ப்புரைத்தல் நம்மவர் மட்டுமே செய்ததன்று. பிரான்சு நாட்டில் வாழ்ந்த ரூசோ என்னும் பேரறிஞர், பிரெஞ்சு மொழி பாடுதற்குத் தகாதது என்று 1753 இல் எழுதி வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டிலேதான் அவர் தாமே பிரெஞ்சு மொழியில் ஓர் இசைநாடகம் இயற்றி அரங்கேற்றியிருந்தார்! 1875 இல் பிசே என்பவர் அமைத்த கார்மென் என்னும் இசைநாடகம் பிரெஞ்சு மொழியிலேயே அமைந்து உலகெங்கும் பாடப்படுகின்றது. மொழியின்மேல் ஏற்றிய குறையை ஓர் இசைப்புலவர் தம் செயலால் நீக்கிவிடுகின்றனர். வாதத்தால் நீக்க வேண்டுவதில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். தமிழ்ச்சொற்கள் எவ்வெழுத்தில் முடியும் என்பதனை நன்னூலார் வரையறுத்துள்ளார். உயிர் 12, மெய் 11, குற்றியலுகரம் 1, ஆக 24 எழுத்துக்களே சொல்லிற்கு ஈறாம். அம்மெய் பதினொன்றில் வல்லினம் ஒன்றுதானும் இல்லை; எல்லாம் மெல்லினமும் இடையினமுமே. குரலை அடைக்கும் எழுத்தில் தமிழ்ச்சொல் முடிவதே இல்லை என்பது இதனாற் பெறப்படும். வல்லினம் ஈற்றில் வரவேண்டுமாயின் நாடு, காது, பாட்டு என்றாற்போல ஓர் உகரத்தைத் துணைகொண்டே வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் துரை இம்மலையிற் காப்பி பயிரிட்டார் என்பர். அப்பயிரோடு ஏறிவந்த ஆங்கிலச் சொல்லையும் பறிக்கும் பெண்டிர் ‘எஸ்டேட்’ என்று வெட்டி நிறுத்துவதில்லை. ‘எஸ்டேட்டு’ என்றே உகரம் கூட்டி இசைக்கின்றனர். எழுத்தறியாத நாவிலும் அவ்விலக்கணம் வாழ்கின்றது.

இதனினும் வியப்பு ஒன்றுண்டு. உயிரே நீளும், மெய் நீளாது என்பது பொதுவிதி. ஆயின் மெய்யும் நீளும் என்று தமிழிலக்கணம் கூறுகின்றது. உயிர் தன் மாத்திரையைக் கடந்து ஒலித்தலும், ஒற்று நீண்டு இசைத்தலும் இசைநூலின்கண் உண்டு என்று தொல்காப்பியர் நூன்மரபின் முடிவிற் குறித்துள்ளார். நன்னூலாரோ, வல்லினம் ஆறும் ரகர ழகரங்களும் நீங்கலாக எஞ்சிய பத்து மெய்களும் ஆய்தமும் அளபெடுக்கும் என்று பட்டியல் தந்து, ஒற்றளபெடை என்று பெயரும் இட்டார். மெல்லினம் மூக்கின் வழியாகவும் இடையினம் நாவின் புறத்தாகவும் குரலைத் தொடர்ந்து செல்லவிடுதலின், அவை நீளுதல் கூடும். பாடுவோன் உயிரின்மேல் மட்டுமன்றி மெய்யின்மேலும் நின்று இசைக்கலாம் என்று எழுத்திலக்கணத்திலேயே இடம் வகுத்த மொழியை இசைக்கு ஏலாதது என்றல் எங்ஙனம் பொருந்தும்?

வல்லினம் மிகுதலால் தமிழ் கரடுமுரடாகும் என்று கூறுவாரும் உளர். தமிழ் வல்லெழுத்து இடத்திற்கேற்பத் தன் வன்மையை மாற்றிக்கொள்வது. கடல், பக்கம், தங்கம், அகம் என்னும் நான்கு சொற்களிலும் வரும் ககரங்களை வாய்விட்டு ஒலித்துப் பார்க்க. ஒன்று மோதும், ஒன்று இறுகும், ஒன்று மெல்லினத்தின்மேற் சாய்ந்து கனிந்து வரும், ஒன்று மூச்சளவாய்க் கரையும். எழுத்தொன்றே, ஒலி நான்கு. இவ்வேறுபாட்டைப் பழந்தமிழர் பாட்டிற்குக் கருவியாக்கினர். தொல்காப்பியம் கூறும் இருபது வண்ணங்களுள் வல்லிசை வண்ணம், மெல்லிசை வண்ணம், இயைபு வண்ணம் என்பன முறையே வல்லினமும் மெல்லினமும் இடையினமும் மிக்கு வருவன. வன்மையும் அவர்க்கு ஓர் அழகேயாயிற்று. அருணகிரிநாதர் திருப்புகழில் வல்லொற்றுக்கள் தாளத்தோடு மோதி எழுப்பும் சந்தத்தைக் கேட்டோர், வல்லினத்தை இசைக்குப் பகையென்று சொல்லத் துணியார்.

இவையெல்லாம் நூலறிவு. இந்நூலறிவிற்கு உயிர் வந்தது என் பேர்த்தி பாடியபொழுதேயாம். பன்னிரண்டு வயதினளாகிய அவள் பள்ளிப் பாடகர் குழுவிற் சேர்ந்து ஆங்கிலப் பாட்டுக்கள் பயின்றவள், குரல் தூயது, சுருதி பிறழாதவள். மார்கழிக் குளிரில் அவள் நடுங்குவது கண்டு, திருஞானசம்பந்தர் சேலத்திற்குத் தென்மேற்கேயுள்ள திருச்செங்கோட்டில், தம்முடன் வந்த அடியார்கள் குளிர்சுரத்தால் வருந்தக்கண்டு திருநீலகண்டப் பதிகம் பாடியருளிய வரலாற்றைச் சொன்னேன். “அந்தப் பாட்டை எனக்குச் சொல்லித் தாருங்கள், தாத்தா” என்றாள். பாட்டுத்தோறும் ஈற்றில் அத்திருப்பெயர் நிற்கும் பதிகம் அது. மெட்டினை இரண்டு நாளிற் பிடித்துக்கொண்டாள். ஆயினும் கேட்கக் கேட்க என் செவிக்கு ஏதோ ஒன்று வேறுபட்டது. பண்ணிற் குறையில்லை, தாளத்திற் குறையில்லை. திருப்பெயரின் இறுதியில் ‘கண்டம்’ என்பது ‘காண்டம்’ என்று ஒலித்தது. மிடற்றைக் குறித்த சொல் நூற்பிரிவைக் குறிக்கும் சொல்லாய் மாறிவிட்டது.

காரணம் கேட்டேன். “எந்தச் சொல்லிலும் உயிரெழுத்தை நீட்ட வேண்டும், மெய்யெழுத்தை முடிவில் மட்டும் தொட்டு விடவேண்டும் என்பது எங்கள் பயிற்சி, தாத்தா” என்றாள் தெளிவாக. அப்பயிற்சி ஆங்கிலத்திற்குச் சாலப் பொருந்துவதே. ஆங்கிலத்தில் உயிரை எவ்வளவு நீட்டினாலும் பெரும்பாலும் சொல் மாறுவதில்லை. தமிழிலோ மாத்திரை மாறினாற் சொல்லே மாறும். மலை மாலையாகும், கலை காலையாகும், படம் பாடமாகும். ‘கண்டம்’ என்னும் சொல்லில் நிற்றற்குரிய இடம் ககரத்தின் அகரமன்று. அதனையடுத்த ணகர ஒற்று. அதனைச் சொல்லி, “ககரத்தை விரைந்து கடந்து ணகரத்தின்மேல் நில்லம்மா, நாவை மேலே வளைத்து அண்ணத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு குரலை மூக்கின் வழியே விடு” என்றேன். முதலில் நகைத்தாள், நாநுனி பல்லின் அருகேயே சென்று நின்றது. நாள்தோறும் காலையில் அரைநாழிகை பயின்றாள்.

ஒருநாள் சேர்வராயன் கோயிலுக்குச் சென்றோம். ஏறத்தாழ 5,300 அடி உயரத்தில், மலையுச்சியில், தலைதாழ்த்திப் புகத்தக்க இருண்ட குகையே அக்கோயில். சேர்வராயனும் காவேரியம்மனும் அங்கு எழுந்தருளியிருக்கின்றனர். ஆண்டுதோறும் மே மாதத்தில் மலைவாழ் மக்கள் திரண்டு விழவயர்வர். யாங்கள் சென்றபொழுது கூட்டமில்லை. வழிபட்டபின் அவள் தானாகவே அப்பதிகத்தின் ஒரு பாட்டைப் பாடினாள். ஈற்றில் ணகரத்தின்மேல் நின்றாள். மகரத்திலும் இதழ்மூடி நின்றாள். தாழ்ந்த அப்பாறைக் கூரை அவ்விரு மெல்லொற்றுக்களையும் வாங்கி, வண்டின் முரற்சிபோல் எம்மைச் சூழ ஒலித்தது. வெளியே வந்ததும் அவள், “தாத்தா, வாயை மூடியபிறகும் பாட்டு நிற்கவில்லையே!” என்றாள். ஒற்றளபெடைக்கு இதனினும் நல்ல உரை யான் கண்டதில்லை.

இதுபோன்றதொரு சிக்கலைத் தமிழ்க் கிறித்தவர்களும் எதிர்ப்பட்டுத் தீர்த்துள்ளனர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அவர்தம் கோயில்களில் இருவகைப் பாட்டுண்டு. மேனாட்டு மெட்டிற்கேற்பத் தமிழ்ச்சொல் பெய்த பாமாலைகள் ஒருவகை. கருநாடக இசையில் தமிழர் தாமே இயற்றிய கீர்த்தனைகள் மற்றொருவகை. ஆங்கிலப் பாட்டு அழுத்தத்தை எண்ணி நடப்பது. தமிழ்ப் பாட்டு மாத்திரையை எண்ணி நடப்பது. ஆதலின் மேனாட்டு மெட்டிற் குறில் நீண்டும் நெடில் குறுகியும் சொல் சிதையும் இடங்கள் நேரும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) போன்றோர் இயற்றிய கீர்த்தனைகளில் அவ்விடர் இல்லை. சொல்லின் நடையே இசையின் நடையாய் அமைந்துவிடுகின்றது. சமயம் வேறாயினும் மொழியின் நியதி ஒன்றே. தஞ்சையில் வாழ்ந்த கிறித்தவப் பெரியார் ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் கருணாமிர்த சாகரம் வெளியிட்டதனையும், நம் சுவாமி விபுலானந்தர் 1947 இல் யாழ்நூல் வெளியிட்டதனையும் ஒருங்கே எண்ணி மகிழ்தற்கு இதுவே காரணம்.

திருத்தருமபுரத்தில் நிகழ்ந்ததாகப் பெரியபுராணம் கூறும் செய்தியையும் அன்பர்கள் நினைவுகூர்க. சம்பந்தப் பெருமான் அருளிய பதிகத்தின் இசை தம் யாழில் அடங்காமை கண்டு, திருநீலகண்ட யாழ்ப்பாணர் அவ்யாழையே உடைக்க ஓங்கினர், பெருமான் தடுத்தருளினார். நரம்பிற்கு உயிரொலி உண்டு, மெய்யொலி இல்லை. நரம்பு பண்ணைத் தரும். சொல்லைத் தருதல் மிடறு ஒன்றற்கே உரியது. கருவியில் அடங்காதது மிடற்றில் அடங்கிற்று என்பதில், மொழியைத் துறந்த இசை எவ்வளவினது என்பதற்கு ஓர் அளவுகோல் கிடைக்கின்றது.

ஆகவே எம்மொழி இனிது என்னும் வினாவிற்கு என் விடை இது: சேய்மையிற் கேட்பார்க்கு எல்லாம் ஒன்றே, அணுகிக் கேட்பார்க்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகையான் இனிது. தெலுங்கினைத் தெலுங்கின் வாயாலும், ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் வாயாலும், தமிழைத் தமிழின் வாயாலும் பாடுதல் வேண்டும். ஒரு மொழியின் நியதியைப் பிறிதொன்றின்மேல் ஏற்றிப் பாடிவிட்டு, அம்மொழி இசைக்கு இணங்கவில்லை என்று குறைகூறுதல் முறையன்று. தமிழ் இசையாது என்றோருட் பலர், தமிழைத் தமிழாக ஒலித்துக் கேட்கும் பேறு பெறாதவரேயாவர்.

இன்று நம் பிள்ளைகள் பல மொழிகளில் இனிது பாடுகின்றனர், அது மகிழத்தக்கதே. ஆனால் ழகரமும் ளகரமும் லகரமும் ஒன்றாய், ணகரமும் னகரமும் ஒன்றாய்க் குழைந்துவிடுமாயின், தேவாரத்தின் பண் எஞ்சினும் அதன் மெய் எஞ்சாது. ஏட்டில் எழுத்தைக் காக்கலாம். ஒலியை ஏடு காவாது. அதனை ஒரு நாவிலிருந்து மற்றொரு நாவிற்கு நேரே ஒப்படைத்தல் வேண்டும். ஓதுவார்கள் இதுகாறும் அங்ஙனம் காத்து வந்தனர். அச்சுமையை அவர்கள்மேல் மட்டும் வைத்துவிட்டு நாம் கைகட்டி நிற்றல் தகாது. வீட்டில் முதியோர் இருப்பாராயின், நாளொன்றுக்கு ஒரு பாட்டை, எழுத்தொலி வழுவாமல் ஒரு பிள்ளையின் செவியில் இடுக.

அகரம் எல்லா எழுத்திலும் கலந்து நின்று அவற்றை இயக்குவதுபோல இறைவன் உயிர்தோறும் கலந்து நிற்கின்றான் என்று உமாபதிசிவம் திருவருட்பயனின் தொடக்கத்திற் காட்டியருளினார். உயிரின்றி மெய் இயங்காது என்பது அதனாற் பெறப்படும். உயிர்க்கு இவ்வுலகிற் செயல் நிகழவேண்டின் ஓர் உடம்பு வேண்டும் என்பதும் நம் சித்தாந்தமே. பாட்டின் உயிர் பண். அதன் உடம்பு மொழி. உடம்பை இகழ்ந்து உயிரை மட்டும் போற்றுவேம் என்பார்க்குப் பண் கிடைக்கலாம், பாட்டுக் கிடையாது.